காக்கிச் சட்டையில் விழும் வானம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பதைப் போன்ற ஒரு ரோலிங் மில் ஷெட்டைக் கணினி விளையாட்டுக்குள் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். ஐப்பசி மாதத்து மூடிய வானம். ஜிஎன்டி சாலைப் பக்கமிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உள்ளே நடந்து வருகிறார். காலடியில் செம்மண், இடப்பக்கம் நீலம் அடித்த தகரச் சுவர், எதிரே ஷெட்டின் வாசல், அதற்குள் உலையின் செம்மஞ்சள் வெளிச்சம். அவருடைய தோளில் வானத்தின் வெளிறிய சாம்பல் விழ வேண்டும். இடக்கையில் தகரத்தின் நீலம் லேசாகப் படிய வேண்டும். மோவாயின் அடிப்பக்கம் மண்ணின் சிவப்பை வாங்க வேண்டும். வாசலைத் தாண்டியதும் இவை படிப்படியாக மறைந்து, மார்பில் மட்டும் நெருப்பின் நிறம் ஏற வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அந்த மனிதர் அந்த இடத்தில் நிற்பதாகக் கண் நம்பாது.

நேரடி வெளிச்சம் கேம் எஞ்சினுக்குப் பெரிய சிரமம் இல்லை. சூரியனோ தெருவிளக்கோ எங்கே இருக்கிறது என்று தெரியும். நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று பார்த்தால் போதும். சிரமமெல்லாம் மற்ற வெளிச்சத்தில்தான். வானம் முழுவதும் ஒரு விளக்கு, தரை ஒரு விளக்கு, சுவர் ஒரு விளக்கு. சட்டையின் ஒவ்வொரு புள்ளிக்கும், அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கத்து அரைக்கோளம் முழுவதிலிருந்தும் வெளிச்சம் வந்து சேர்கிறது. நேர் எதிரே இருந்து வருவது முழுதாகச் சேரும். சாய்வாக வருவது, சாய்கோணத்தின் கோசைன் மதிப்புக்கு ஏற்பக் குறைந்து சேரும். இதை ஆயிரக்கணக்கான திசைகளுக்குக் கூட்ட வேண்டும். விநாடிக்கு 60 படம் ஓட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி. அதற்குள் திரையில் இருக்கும் இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் இந்தக் கூட்டலை முடிப்பது சாதாரண ஃபோனால் ஆகாத காரியம்.

முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்கலாம், எந்த வடிவில் வைப்பது என்பதுதான் கேள்வி. ஓரிடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஒரு நிறம் தெரியும். அதை ஒரு பெட்டியின் ஆறு முகங்களாக, ஆறு சதுரப் படங்களில் சேமிக்கும் வழக்கம் உண்டு. முகம் ஒன்று 64க்கு 64 என்று சிக்கனமாக வைத்தாலும் மொத்தம் 24,576 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் சேர்த்து 73,728 எண்கள். ஷெட்டுக்குள்ளும் வெளியிலும் சில நூறு இடங்களுக்கு இப்படி வைத்தால் நினைவகம் தாங்காது. அதே காக்கிச் சட்டையை 27 எண்களைக் கொண்டே ஏறக்குறைய சரியாக ஒளியூட்டிவிடலாம். நிறம் ஒன்றுக்கு ஒன்பது எண். இதைச் செய்துதருவது ஸ்பெரிகல் ஹார்மோனிக்ஸ் என்ற கணிதம். துறையில் இருப்பவர்கள் சுருக்கி எஸ்எச் என்பார்கள்.

ஒரு கோளத்தின் மேல் திசைக்குத் திசை மாறும் எந்த அளவையும், அது வெளிச்சமோ வெப்பமோ ஈர்ப்போ, சில அடிப்படை வடிவங்களின் கூட்டலாக எழுதலாம். அந்த வடிவங்களைப் பார்க்க, ஒரு திசையை மூன்று எண்களால் குறிப்போம்: கிழக்கு, வடக்கு, மேல். நேர் உச்சியைப் பார்த்தால் மேல் என்பது 1, மற்ற இரண்டும் 0. நேர் மேற்கைப் பார்த்தால் கிழக்கு என்பது −1.

முதல் வடிவம் எல்லாத் திசையிலும் ஒரே மதிப்பு உடையது. மொத்த வெளிச்சத்தின் சராசரியை அது சுமக்கிறது. அடுத்து மூன்று வடிவங்கள்: கிழக்கு, வடக்கு, மேல் என்ற அந்த மூன்று எண்களேதான். வெளிச்சம் எந்தப் பக்கம் கூடுதல், எந்தப் பக்கம் குறைவு என்பதை இவை சொல்லும். மூன்றாம் அடுக்கில் ஐந்து: கிழக்கு பெருக்கல் வடக்கு, வடக்கு பெருக்கல் மேல், மேல் பெருக்கல் கிழக்கு, கிழக்கின் வர்க்கத்திலிருந்து வடக்கின் வர்க்கத்தைக் கழித்தது, மேல் வர்க்கத்தின் மும்மடங்கில் ஒன்றைக் கழித்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மாறிலி நிற்கும். முதலாவதற்கு 0.282095, அடுத்த மூன்றுக்கும் 0.488603, பெருக்கல்கள் மூன்றுக்கும் 1.092548, கடைசி இரண்டுக்கு முறையே 0.546274, 0.315392. ஒன்று, மூன்று, ஐந்து; ஆக ஒன்பது.

கடைசியாகச் சொன்ன வடிவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உச்சியிலும் காலடியிலும் அது கூட்டல். தொடுவானத்தைச் சுற்றிலும் கழித்தல். இரண்டு உயரமான ஷெட்டுகளுக்கு நடுவே நிற்கிறோம், சுற்றிலும் சுவர் மறைக்கிறது, மேலே வானமும் கீழே மண்ணும் மட்டும் வெளுப்பாக இருக்கின்றன என்றால் அந்த நிலைமையைச் சொல்வது இந்த வடிவம்தான். முதல் நான்கு எண்களால் அதைச் சொல்லவே முடியாது.

எண்களை எடுக்கும் முறை எளிது. ஒவ்வொரு திசையிலும் உள்ள வெளிச்சத்தை அந்தத் திசையில் வடிவத்தின் மதிப்பால் பெருக்கி, கோளம் முழுவதும் கூட்டினால் அந்த வடிவத்துக்கு உரிய எண் கிடைத்துவிடும். திரும்ப வெளிச்சம் வேண்டுமென்றால், எண்ணை வடிவத்தால் பெருக்கி ஒன்பதையும் கூட்ட வேண்டும். படம் வரையும் சில்லான ஜிபியூவுக்கு இது ஒரு வேலையே இல்லை.

இந்த வடிவங்களின் வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல். 1780களில் லெஜாந்தரும் லாப்லாஸும் கோள்களின் ஈர்ப்பைக் கணக்கிடும்போது இவற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனும் பீட்டர் டெய்ட்டும் 1867இல் வெளியிட்ட இயற்பியல் நூல்தான் இன்றைய பெயரை வழங்கியது. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இதில் இன்னொரு நெருக்கம் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச் செல்லும் புவிநோக்கு செயற்கைக்கோள்கள் பலவும், ஓர் இடத்தின் மேல் எப்போதும் ஏறக்குறைய அதே உள்ளூர் நேரத்தில் கடந்துபோகும் பாதையில் சுற்றுபவை. அதற்கு அந்தப் பாதையின் தளம் நாளொன்றுக்கு 0.9856 பாகை திரும்ப வேண்டும். எரிபொருள் செலவில்லாமல் அதைத் திருப்பித் தருவது பூமியின் இடுப்புப் பெருக்கம். நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறக்குறைய 21 கி.மீ. கூடுதல். அந்தப் பெருக்கம் ஈர்ப்பில் உண்டாக்கும் மாற்றத்தை எழுதும் வடிவம் எது தெரியுமா? மேல் வர்க்கத்தின் மும்மடங்கில் ஒன்றைக் கழித்தது. மேல் என்ற இடத்தில் துருவ அச்சை வைத்துக்கொண்டால் சரி. ராக்கெட் பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போகும் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் ஃபோனிலும், மேலே போகும் செயற்கைக்கோளின் பாதையிலும் ஒரே சூத்திரம் ஓடுகிறது. கணிதம் இவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது எனக்குத் தீராத வியப்பு.

சரி, ஒன்பதோடு ஏன் நிறுத்த வேண்டும்? அடுத்த அடுக்கில் ஏழு வடிவங்கள், அதற்கடுத்து ஒன்பது, இப்படிப் போய்க்கொண்டே இருக்கலாம். மேகத்தில் ஒரு கிழிசல், ஜன்னல் கம்பிகள், உலையின் சிறிய வாய் என்று உண்மையான வெளிச்சத்தில் நுணுக்கங்களுக்குக் குறைவில்லை. ஒன்பது எண்ணை வைத்துக்கொண்டு அந்த வானத்தை வரைந்தால் எல்லாம் கரைந்து ஒரு மங்கலான வண்ணத் தீற்றலாகவே தெரியும்.

ஆனால் நமக்கு வேண்டியது வானம் எப்படித் தெரியும் என்பதன்று, அதன் கீழே நிற்கும் பருத்திச் சட்டை எப்படித் தெரியும் என்பது. பளபளப்பு இல்லாத பரப்பு தன் முன்னால் உள்ள அரைக்கோளத்து வெளிச்சம் முழுவதையும் கோசைன் எடையில் கூட்டிவிடுகிறது என்று பார்த்தோம். அப்படிக் கூட்டும்போதே நுணுக்கங்கள் அழிந்துவிடுகின்றன. தெருக்கோடிக் கோயிலில் கச்சேரி நடக்கும்போது வீட்டுக் கதவை மூடினால் தவிலின் அதிர்வு மட்டும் உள்ளே வரும், நாதஸ்வரத்தின் கமகங்கள் வராது. சுவர் தாழ்ந்த ஒலியைத்தான் விடும். மங்கலான பரப்பு வெளிச்சத்துக்கு அப்படியொரு சுவர்.

எவ்வளவு அழிகிறது என்பதைத் துல்லியமாகச் சொன்ன கட்டுரை 2001ஆம் ஆண்டு கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் வந்தது. எழுதியவர்கள் அப்போது ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ரவி ராமமூர்த்தியும் அவருடைய வழிகாட்டி பேட் ஹன்ராஹனும். பின்னர் 2019ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதை எட் கேட்மல்லுடன் பகிர்ந்துகொண்டவர் ஹன்ராஹன். கோசைன் கூட்டல் ஒவ்வோர் அடுக்கையும் எந்த அளவுக்குக் குறைக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். முதல் அடுக்கு முழுதாகத் தப்புகிறது என்று வைத்தால் இரண்டாம் அடுக்கு மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. மூன்றாவது, நான்கில் ஒரு பங்கு. நான்காம் அடுக்கின் ஏழு வடிவங்களும் அடியோடு பூச்சியம். ஐந்தாவது, இருபத்துநான்கில் ஒரு பங்கு, அதுவும் எதிர்க்குறியோடு. ஆக மூன்று அடுக்குக்கு மேல் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் சட்டைக்கு அது தெரியப்போவதில்லை. எந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டாலும் ஒன்பது எண்ணில் வரும் சராசரிப் பிழை 3 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்று அவர்கள் காட்டினார்கள். பால் டெபவெக் கண்ணாடிக் குண்டைப் படமெடுத்துப் பதிவுசெய்திருந்த உண்மையான இடங்களின் வெளிச்சத்தைக் கொண்டே சோதித்தும் பார்த்தார்கள். அதே காலத்தில் ரோனென் பஸ்ரியும் டேவிட் ஜேக்கப்ஸும், கணினிக்கு முகங்களை அடையாளம் காணக் கற்பிக்கும் வேலையில், தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

இந்த முறை செல்லுபடியாகக் காரணம் வெளிச்சத்தின் எளிமை இல்லை, பரப்பின் மங்கல்தன்மை. இதை மனதில் இருத்திக்கொண்டால் எஸ்எச் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

உச்சிவெயிலை மட்டும் எடுத்து ஒன்பது எண்ணில் போட்டுப் பார்க்கலாம். சரியான விடை நமக்குத் தெரியும்: சூரியனை நேராகப் பார்க்கும் பரப்புக்கு 1, அங்கிருந்து 90 பாகை திரும்பிய பரப்புக்கு 0, அதற்குப் பின்னால் முழுவதும் 0. ஒன்பது எண் தரும் விடையோ நேராக 1.0625, 90 பாகையில் 0.094, சுமார் 122 பாகையில் −0.04, நேர் பின்பக்கம் 0.0625. பிழை சிறியதுதான். ஆனால் சூரியன் மற்ற வெளிச்சத்தைவிடப் பல மடங்கு பலமானது. அதன் நூற்றில் நான்கு பங்கு கழிந்தாலே நிழல்பக்கத்துச் சட்டை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். வெளிச்சமே போகக்கூடாத முதுகில் மெல்லிய ஒளி தெரியும். இதை ரிங்கிங் என்பார்கள். மேல் அடுக்குகளைச் சற்றே தணித்துவிடுவது ஒரு மருந்து. அதற்கு விலையாக வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மழுங்கும். பெரும்பாலான எஞ்சின்களின் வழக்கமே நல்லது என்பேன்: சூரியனைத் தனி விளக்காக வைத்து நிழலோடு கணக்கிட்டுவிட்டு, வானத்தையும் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் மட்டும் எஸ்எச்சிடம் விடுவது. வெல்டிங் பொறிக்கும் இதே விதி.

இனி ஷெட்டுக்குள் போகலாம். வாசலில் ஒரு வெளிச்சம், உலையருகே ஒரு வெளிச்சம், கம்பி அடுக்கியிருக்கும் மூலையில் ஒரு வெளிச்சம். எனவே ஓர் இடத்தில் 27 எண் எடுத்தால் போதாது. பல இடங்களில் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு லைட் புரோப். யூனிட்டி எஞ்சினில் இந்தப் புள்ளிகளை நாமே பரப்பிவைக்கலாம். எஞ்சின் அவற்றை நான்கு நான்காக இணைத்து நான்முகிகளாகப் பிரித்துக்கொள்ளும். ஆள் நடக்கும்போது அவர் எந்த நான்முகிக்குள் இருக்கிறாரோ அதன் நான்கு முனைகளின் எண்களையும் தூரத்துக்கு ஏற்பக் கலந்து அவருக்குத் தரும். எல்லாப் புள்ளியையும் தரையோடு ஒரே மட்டத்தில் வைத்தால் நான்முகியே அமையாது. அதனால் முழங்கால் உயரத்தில் ஒரு வரிசை, தலைக்கு மேல் ஒரு வரிசை என்று வைக்க வேண்டும். திறந்த முற்றத்தில் புள்ளிகள் தள்ளித் தள்ளி இருக்கலாம். வாசலிலும் உலையைச் சுற்றியும் நெருக்கமாக இருக்க வேண்டும். அங்கேதான் வெளிச்சம் ஓரிரு அடியில் மாறுகிறது.

தகரச் சுவர்தான் இந்த இடத்தில் பெரிய தலைவலி. அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வெளியே ஒரு புள்ளி, உள்ளே ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே சுவர் இருப்பது கலப்புக் கணக்குக்குத் தெரியாது. விளைவு, இருட்டான உள்சுவரை ஒட்டி நிற்பவரின் மேல் வெளிவானம் கசியும். லைட் லீக் என்று எல்லா இணைய மன்றங்களிலும் புலம்பப்படும் கோளாறு இது. புள்ளிகளைச் சுவருக்கு இருபுறமும் ஒட்டிவைப்பது, விளையாட்டில் சுவரையே தடிமனாகக் கட்டுவது, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சுவர் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துச் சேமிப்பது என்று வழிகள் உண்டு. மூன்றாவதே உறுதியானது, செலவும் அதிகம். மேலே ஓடும் ஈஓடி கிரேன் வேறு வகைச் சிக்கல். சாதாரண அமைப்பில் ஒரு பொருளுக்கு ஒரே 27 எண்தான். முப்பது மீட்டர் நீள உத்திரத்தின் ஒரு முனை உலைக்கு மேலும் மறுமுனை இருட்டிலும் இருக்கும்போது அது எப்படிப் பொருந்தும்? அதைத் துண்டு துண்டாகப் பிரித்தோ, அதற்குள் பல புள்ளிகளைப் பரப்பியோதான் ஒளியூட்ட வேண்டும்.

எஸ்எச்சின் குணங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்: வெளிச்சங்களைக் கூட்டினால் எண்களும் அப்படியே கூடும். உலை அணைந்திருக்கும்போது வானத்தை மட்டும் வைத்து ஒரு தொகுதி எண்களைக் கணக்கிடலாம். வானத்தை அணைத்துவிட்டு உலையை மட்டும் எரியவிட்டு இன்னொரு தொகுதி. விளையாட்டு ஓடும்போது மாலை மங்க மங்க முதல் தொகுதியை ஓர் எண்ணால் பெருக்கிக் குறைத்துக்கொண்டே வரலாம். பழுத்த எஃகுக் கட்டியான பில்லெட் வெளியே வரும்போது இரண்டாவதைப் பெருக்கி உயர்த்தலாம். கரண்ட் போனால், டியூப்லைட்டுக்கென வைத்த தொகுதியைப் பூச்சியத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவே. வெளிச்சம் துள்ளித் திரும்பும் கணக்கு எதையும் மறுபடி போட வேண்டியதில்லை. திருப்புவதும் அதே போலத்தான். கும்மிடிப்பூண்டி மின்ரயில் பெட்டி வளைவில் திரும்பினால், சுற்றியுள்ள வெளிச்சத்தின் எண்களை ஒரு சிறிய கணக்கில் திருப்பிவிடலாம். எந்தக் கோணத்திலும் வெளிச்சம் சிமிட்டாது, நடுங்காது.

இவ்வளவும் விளையாட்டுகளுக்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. 2002இல் பீட்டர்-பைக் ஸ்லோனும் யான் கௌட்ஸும் ஜான் ஸ்னைடரும், ஒரு பொருள் தன்மீது தானே போட்டுக்கொள்ளும் நிழலையும் இதே எண்களில் அடக்கிக் காட்டினார்கள். 2003 கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் சோனியைச் சேர்ந்த ராபின் கிரீன் கொடுத்த விளக்கக் கட்டுரையைப் படித்தே ஒரு தலைமுறை நிரலாளர்கள் இதைக் கற்றார்கள். 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2, எஸ்எச்சுக்குப் பதிலாக ஆறு திசைக்கு ஆறு நிறம் என்ற எளிய பெட்டி முறையை வைத்துக்கொண்டு அழகாகவே சமாளித்தது. 2007இல் வந்த ஹேலோ 3 சுவர்களின் ஒளிப்படங்களிலேயே எஸ்எச் எண்களைப் பதித்தது. இன்று யூனிட்டி, அன்ரியல், கோடோ மூன்றிலும் இது உள்ளேயே இருக்கிறது. அவற்றில் கோடோ முழுக்க இலவசம். திருவள்ளூரில் ஒரு கல்லூரி மாணவர் இன்று மாலையே லைட் புரோப்களைப் பரப்பி, எண்களைக் கணக்கிடச் சொல்லிப் பார்க்கலாம்.

பளபளக்கும் பொருள்களுக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. கடைசல் பிடித்த எஃகு உருளையோ எவர்சில்வர் தம்ளரோ வெளிச்சத்தைக் கூட்டி மழுக்குவதில்லை. எதிரே உள்ளதை அப்படியே திருப்பிக் காட்டுகின்றன. அங்கே ஒன்பது எண்ணுக்கு வேலையில்லை. அவற்றுக்கு அந்த ஆறு முகப் படங்களையே வைக்கிறார்கள். ஒரே ஷெட்டில் சட்டைக்கு 27 எண், உருளைக்கு 73,728 எண் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

2023இல் வந்த காஸியன் ஸ்ப்ளாட்டிங் முறை, ஃபோனில் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களிலிருந்து ஓர் இடத்தை இலட்சக்கணக்கான மெல்லிய வண்ணத் திட்டுகளாகக் கட்டி எழுப்புகிறது. எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு திட்டின் நிறமும் மாற வேண்டும். டிஎம்டி கம்பியின் மேல் ஓடும் மினுக்கு அப்படித்தான் தெரியும். அந்த மாற்றத்தை அது சேமிப்பதும் எஸ்எச்சில்தான், ஆனால் நிறம் ஒன்றுக்குப் பதினாறு எண், திட்டு ஒன்றுக்கு 48. நான்காம் அடுக்கின் ஏழும் இங்கே உள்ளே வந்துவிட்டன. காரணம், பார்க்கும் திசையோடு மாறும் நிறம் எந்தக் கோசைன் கூட்டலையும் தாண்டி வருவதில்லை. அந்த ஏழைப் பூச்சியமாக்க அங்கே பருத்திச் சட்டை இல்லை.